சந்தியா, கழுத்து இருபத்தெட்டு

சித்தூரிலேயே மிகவும் மெதுவாகத் தைக்கும் தையல்காரி சுமித்ராதான். இதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. பஜாருக்குப் பின்சந்தில் ஒரு மாடிப்படி. அதன் உச்சியில் ‘சுமித்ரா லேடீஸ் டைலர்’ என்று ஒரு தகரப் பலகை. பெண்கள் பையில் ஒரு ஜாக்கெட் துணியோடு ஏறுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே துணியோடு இறங்குவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே துணி. ஒரு ஜாக்கெட்டுக்கு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். ஆனாலும் ஒருத்தி கூடக் கோபித்துக்கொண்டு வேறு டைலரிடம் போனதில்லை. வீட்டு ஆண்கள் இதை யோசித்துப் பார்த்து, பெண்களின் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், அளவு எப்படி நிற்கும் என்று தங்களுக்குத் தாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

உண்மையில் சுமித்ராவுக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. முன்னறையில் உறை போட்ட தையல் மெஷின் ஒன்று உண்டு. அதைத் தாண்டித் திரைச்சீலையை விலக்கினால் ஒரு சாய்வு நாற்காலி, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, சின்ன டிரங்குப்பெட்டி அளவில் ஒரு கரண்ட் மெஷின். மயிரிழை போன்ற ஊசியை ஒவ்வொரு முடியின் வேருக்குள்ளும் இறக்கி, ஒரு நொடி கரண்ட் விட்டு, இடுக்கியால் எடுப்பாள். மோவாயில் முளைப்பது, மேலுதட்டில் முளைப்பது எல்லாம் ஒவ்வொன்றாக. வேர் செத்துவிட்டால் அந்த முடி திரும்ப வராது. ஆனால் எல்லா முடியும் ஒரே சமயத்தில் தலை காட்டாது என்பதால் மாதக் கணக்கில் வரவேண்டும்.

நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவள் அவள். இருபது வயதில் சென்னையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூடமாட வேலைக்குப் போய்த் தொழிலைக் கற்றாள். டாக்டரம்மா அமெரிக்கா போனபோது மெஷினை இவளிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் சித்தூர்த் துணிக்கடைகளில் ஆளுயரக் கண்ணாடியும், பகலைத் தோற்கடிக்கும் விளக்குகளும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அதுவரை எந்தப் பெண்ணும் தன் மோவாயை அத்தனை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சுமித்ராவைத் தேடி வந்தார்கள். ஆனால் ‘பெண்களுக்கு முகமுடி நீக்கப்படும்’ என்று பலகை மாட்டினால், படியில் கால் வைப்பவளெல்லாம் தன் ரகசியத்தைத் தானே தண்டோரா போட்டது போல ஆகும். ஆகவே டைலர் பலகை. நிஜமாகவே தைக்கக் கொடுக்க யாராவது வந்துவிட்டால், “ரெண்டு வருசத்துக்கு ஆர்டர் ஃபுல்லுங்க” என்பாள். இதனால் அவள் புகழ் இன்னும் ஓங்கியது.

கணக்கு நோட்டிலும் அதே வேஷம்தான். மேலுதடு என்றால் ‘பார்டர்’, மோவாய் என்றால் ‘கழுத்து’. அதற்குப் பக்கத்தில் எத்தனை தடவை முடிந்தது என்று ஒரு எண். ‘சந்தியா, கழுத்து 28’ என்றால் சந்தியாவின் மோவாயில் இருபத்தெட்டுத் தடவை வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சந்தியா, பிச்சாட்டூர்ப் பச்சையப்பனின் மகள். சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றில் ருசியும் தரமும் சோதிக்கும் வேலை. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பச்சையப்பன் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இப்போது ஏரிப் பாசனத்தில் சொந்தமாக இரண்டு ஏக்கர். பெண்ணுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். எழிலரசன், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்.

“இன்னும் ஏழெட்டு முடிதான் கீது,” என்றாள் சுமித்ரா, விளக்கைத் தாழ்த்தி. “ரெண்டு சிட்டிங்ல சுத்தமாப் பூடும்.”

“அக்கா, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. எங்க நைனாவுக்குக்கூட. அவரோட அம்மா, அதான் எனக்கு வரப்போற அத்தையம்மா, மகளிர் குழுவுல லீடரு. தெரிஞ்சா கல்யாணம் நின்னுபூடும்.”

“பதினெட்டு வருசமா எந்தப் பொண்ணு பேராவது இந்தப் படி எறங்கிப் போயிருக்குதா? பேசாத. மோவாய ஆட்டாத.”

அந்த வாக்கைப் படியிறக்கியது அவளுடைய புருஷனின் அக்கா மகன் கிரண்குமார்.

கிரண்குமார் பெங்களூரில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். என்ன வேலை என்று கேட்டால் ‘குரோத்’ என்பான். எது வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாடியைத்தான் காட்டியிருக்க வேண்டும். அவன் வந்த நேரமும் அப்படி. ஒரு வருஷமாகச் சுமித்ராவிடம் புதிதாக ஒருத்தியும் வரவில்லை. முன்பெல்லாம் ஒருத்தி காதில் இன்னொருத்தி ஓதுவாள். இப்போதைய பெண்கள் காதை நம்புவதில்லை, போனைக் கேட்கிறார்கள். போனுக்குச் சுமித்ரா ஒரு டைலர்.

“அத்தே, டேட்டா பாரு,” என்று லேப்டாப்பைத் திறந்தான். “சித்தூர், திருப்பதி சுத்துவட்டாரத்துல மாசத்துக்கு நாப்பதாயிரம் பேரு முடி நீக்கம் எங்கன்னு தேடறாங்க. அதுல திருப்பதியில மட்டும் முப்பத்தெட்டாயிரம்!”

“திருப்பதியில அவ்ளோ பேருக்கா மீசை கீது?” என்று சுமித்ரா உண்மையாகவே அதிர்ந்துபோனாள்.

“டிமாண்டு அத்தே, டிமாண்டு. நீ சப்ளைய பின்சந்துல ஒளிச்சு வெச்சுக்கினு கீற.”

அவள் புருஷன் ரங்கையா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மாங்கூழ் யூனிட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி இல்லாமல் இரண்டு வருஷமாக வாடிக் கிடந்தார். ஒரே வாரத்தில் திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜூஸ் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, ‘ரங்கா எலெக்ட்ரோ எஸ்தெடிக் இன்டர்நேஷனல்’ என்று பலகை மாட்டினார். விசிட்டிங் கார்டில் அவர் சேர்மன்.

“இன்டர்நேஷனல்னா வெளிநாட்ல கிளை வேணாமா?” என்றாள் சுமித்ரா.

“வேலூர்லேர்ந்து ரெண்டு பேரு வர்றாங்கன்னு நீதானே சொன்ன? அது வேற ஸ்டேட்டு இல்ல?” என்றார் சேர்மன்.

கிரண்குமார் தமிழிலும் தெலுங்கிலும் விளம்பரம் விட்டான். ‘திருப்பதியில் நம்பர் ஒன் முடி நீக்கம். நிரந்தரம். வரிசை கிடையாது. அனுபவம் பதினெட்டு ஆண்டுகள்.’

திறந்த அன்று காலை ஏழு மணிக்கே படி நிறையக் கூட்டம். சேர்மன் கோட்டோடு வாசலில் நின்று, கை கூப்பிக்கொண்டே இருந்தார். முதல் ஆளாக உள்ளே வந்தவர் சாந்திபுரம் கங்கையா. கூட வந்தவர்கள் பதினொரு பேர். கையில் பத்து மாதக் குழந்தை.

“பாபுக்கு மொத முடி. எனக்கும் எந்தம்பிக்கும் வேண்டுதல்,” என்றார் கங்கையா. “அங்க கூட்டம் எப்டி இருக்குமோன்னு மருமவன் போன்ல பார்த்தான். இங்க லைனு கிடையாதுன்னு போட்டிருந்துச்சு. கத்தி சுத்தமா கீதா?”

சுமித்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த முப்பத்தெட்டாயிரம் பேருக்கும் மீசை இல்லை. வேண்டுதல்.

“ஐயா, இங்க மொட்டை போடறதில்லைங்க,” என்றாள்.

“முடி எடுக்கறதுன்னு தமிழ்லதானே போட்டு கீது?”

“இது வேற முடிங்க. ஒன்னொன்னா ஊசியால எடுக்கறது.”

கங்கையா தன் தம்பியின் தலையைப் பார்த்தார். “ஒன்னொன்னாவா? இந்த மண்டைக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

சுமித்ரா தொழிலில் பொய் சொல்லாதவள். மனசுக்குள் கணக்குப் போட்டாள். “நிமிசத்துக்கு நாலு முடிங்க. தெனம் எட்டு மணி நேரம் அசையாம ஒக்காந்தா ரெண்டு மாசம். அப்பால மொளைக்கறதுக்கு மறுபடியும் வரணும்.”

“அவ்ளோ கஷ்டம் எதுக்கு?”

“அதுக்கப்புறம் மொளைக்காது இல்லைங்களா, நிரந்தரம்,” என்று கிரண்குமார் நடுவில் புகுந்து, சிரித்தபடி குழந்தையின் தலையைத் தடவினான்.

குழந்தையின் தாய் அலறிய அலறலில் கீழே ஜூஸ் கடையில் மிக்ஸி நின்றது. “அய்யோ ராமா! பச்சப் புள்ளைக்கு ஆயுசுக்கும் மொளைக்காம பண்றானுங்களாம்!” பதினொரு பேரும் படியில் உருண்டு இறங்கினார்கள். பின்னால் நின்ற கூட்டம் காரணம் கேட்காமலே ஓடியது. சேர்மன் கூப்பிய கையை இறக்க மறந்து நின்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்டர்நேஷனலுக்குப் பதினேழு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். ‘கத்தி இல்லை’ என்று ஒருவர். ‘கரண்ட் வைத்து மொட்டை அடிக்கிறார்கள், ஜாக்கிரதை’ என்று இன்னொருவர்.

கிரண்குமார் அசரவில்லை. நல்ல விமர்சனங்கள் வந்தால் கெட்டவை அடியில் போய்விடும் என்பது அவன் படித்த பாடம். யார் நல்லதாக எழுதுவார்கள்? பழைய வாடிக்கையாளர்கள். சுமித்ரா திருப்பதியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அவன் சித்தூரில் அவளுடைய அளவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். நூற்று அறுபது பேர். பெயர், போன் நம்பர், எண். ‘பார்டர்’, ‘கழுத்து’ என்பதை அவன் விட்டுவிட்டான். எண் மட்டும் போதும். இங்கிலீஷில் ஒரு செய்தி எழுதி, போனையே தமிழாக்கச் சொல்லி, நூற்று அறுபது பேருக்கும் தட்டிவிட்டான்.

சந்தியா முதன்முதலில் கொடுத்திருந்த நம்பர், இப்போது பச்சையப்பன் வைத்திருக்கும் போன். பெண் வேலைக்குப் போனதும் புது போன் வாங்கிக்கொண்டாள், பழையது அப்பாவுக்கு. அந்த நேரத்தில் பச்சையப்பன் திருப்பதியில் சம்பந்தி வீட்டில், கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்டுவதற்காகப் போனைச் சம்பந்தியம்மா ரத்னம்மாவின் கையில் கொடுத்திருந்தார். பத்திரிகைக்கு மேலே செய்தி வந்து விழுந்தது.

‘அன்புள்ள சந்தியா, எங்களிடம் 28 முறை முடி நீக்கியதற்கு நன்றி. உங்கள் முடி இனி ஒருபோதும் திரும்பி வராது. உங்கள் மகிழ்ச்சியை ஐந்து நட்சத்திரங்களில் தெரிவிக்கவும். சுமித்ரா, சித்தூர் மற்றும் திருப்பதி கிளை.’

பச்சையப்பன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். ரத்னம்மா பத்திரிகையைப் பாராட்டிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இருபத்தெட்டு மொட்டை! திருப்பதியில்! இனிமேல் முளைக்கவே முளைக்காதாம்! அப்படியானால் பெண் பார்க்கப் போனபோது இடுப்புக்குக் கீழே தொங்கிய அந்தப் பின்னல்?

சவுரி. முழுக்கச் சவுரி.

‘எழில் கல்யாணம்’ என்று போனில் ஒரு குரூப் உண்டு. நூற்றுப் பதினான்கு பேர். பத்து நிமிஷத்தில் நூற்றுப் பதினான்கு பேருக்கும் பெண் வழுக்கை.

சித்தூரில் அன்று வேறு வீடுகளிலும் போன்கள் ஒலித்தன. ஒரு தாசில்தாரின் மனைவி தன் போனைக் கொதிக்கும் ரசத்தில் போட்டதாகக் கேள்வி. மறுநாள் முதல் சுமித்ராவின் படியில் ஒரு செருப்பும் இல்லை.

மூன்றாம் நாள் ஒரே ஒரு ஜோடி செருப்பு. ரத்னம்மா.

“நீதான் சுமித்ராவா? டைலரா, மொட்டை போடறவளா?”

 சந்தியாவுக்குக் கொடுத்த வாக்கு சுமித்ராவின் நாக்கு நுனியில் இருந்தது. “டைலர்தாங்க. அந்த மெசேஜு தப்பு. எங்க மருமவன் புத்தியில்லாம அனுப்பிட்டான். சந்தியா ஜாக்கெட் தைக்க வர்ற பொண்ணு.”

“அப்ப இருபத்தெட்டு இன்னா?”

“கழுத்து அளவுங்க. பாருங்க, நோட்டுல கீது.”

ரத்னம்மா நோட்டைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். “எம்மா, இருபத்தெட்டு இன்ச்சா? எங்க ஊட்டு எருமைக்கே அவ்ளோ இருக்காது. யார ஏமாத்தற?” பையிலிருந்து பச்சைப் பட்டுத் துணி ஒன்றை எடுத்து மெஷின் மேல் போட்டாள். “டைலருதானே? தை. நான் இங்கயே குந்திக்கினு பார்க்கறேன்.”

சுமித்ரா உறையை எடுத்தாள். மெஷினில் அதுவரை யாரும் நூல் கோத்ததில்லை. நூலை மட்டும் ஒரே குத்தில் கோத்துவிட்டாள். அந்தக் கை நடுங்காத கை. ரத்னம்மாவின் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தேகம் தணிந்தது. அதற்குப் பிறகுதான் சுமித்ரா காலால் மிதித்தாள். சக்கரம் பின்னால் ஓடியது. நூல் அடியில் குருவிக்கூடு கட்டியது. துணியை வெட்ட வேண்டும் என்பது ஞாபகம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து, கை இருக்கவேண்டிய இடத்தில் கழுத்தும், கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமலும் ஒரு வஸ்து மெஷினிலிருந்து தொங்கியது. வியர்வையில் அவள் புடவை நனைந்திருந்தது.

ரத்னம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கே பாவமாக இருந்தது. “இன்னாம்மா இது? பட்டும்மா. என் தங்கச்சி காஞ்சிபுரத்துலேர்ந்து எடுத்தாந்தது.”

அப்போது படியில் சத்தம். சந்தியாவும் பின்னால் பச்சையப்பனும். ரத்னம்மாதான் இருவரையும் வரச் சொல்லியிருந்தாள். கிரண்குமாரும் விஷயம் என்ன என்று பார்க்க வந்து நின்றான். பச்சையப்பனை வெளியே படியிலேயே நிறுத்திவிட்டு, ரத்னம்மா சந்தியாவைத் திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், ஒரு வார்த்தை பேசாமல் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா!”

பின்னல் வரவில்லை. தலை வந்தது. ரத்னம்மா மறுபடியும் இழுத்தாள். வகிட்டைப் பிரித்து வேரைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி விளக்கைத் திருப்பி வைத்தும் பார்த்தாள். எல்லாம் சொந்த முடி.

“அப்ப எந்த முடிய இருபத்தெட்டு தபா எடுத்த?” என்று சுமித்ராவின் பக்கம் திரும்பினாள்.

சுமித்ரா சுவரைப் பார்த்தாள். “நான் டைலருங்க,” என்றாள். கையில் இன்னும் அந்தப் பச்சை வஸ்து.

சந்தியா அதைப் பார்த்தாள். நனைந்த புடவையைப் பார்த்தாள். பிறகு, திரைக்கு வெளியே கேட்காத குரலில் சொன்னாள்: “தாடி அத்தே. எனக்குத் தாடி மொளைக்கும். அதைத்தான் அக்கா எடுத்தாங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

ரத்னம்மா அவள் மோவாயைப் பிடித்து விளக்கடியில் நிமிர்த்தினாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

“தாடியா?” என்றாள். “அவ்ளோதானா?”

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “பாவி மகளே, மொட்டைன்னு நெனச்சு மூணு நாளா சோறு துன்னலடி நானு! தாடிதானா! எங்க நாத்தனாருக்கு மீசையே கீது. அவ புருசன் அவளுக்குப் பயந்துக்கினு கீறான்.”

சந்தியா அழுதாள். சுமித்ராவும் அழுதாள். கிரண்குமார் திரைக்குள் தலையை நீட்டி, “பார்த்தியா அத்தே, எதிர்பார்ப்ப மொதல்ல கீழ தள்ளிட்டோம்னா கஸ்டமர் திருப்தி தானா மேல போவும்,” என்றான். யாரும் அவனை அடிக்காதது ஆச்சரியம்.

“ஆனா குரூப்ல வழுக்கைன்னு போட்டுட்டனே,” என்று ரத்னம்மாவுக்குத் திடீரென்று உறைத்தது. “நூத்திப் பதினாலு பேரு!”

“அம்மா, நீங்க ஒரு ரிவ்யூ போடுங்க,” என்றான் கிரண்குமார். “அதோட லிங்கை குரூப்ல தட்டி விட்டுடலாம். வதந்தியும் போச்சு, எங்களுக்கு ஸ்டாரும் ஆச்சு.”

சந்தியா “அத்தே, அதுல…” என்று ஆரம்பிப்பதற்குள் ரத்னம்மா போனை வாயருகில் கொண்டுபோய்விட்டாள். மகளிர் குழுத் தலைவி. எழுதிப் பழக்கம் இல்லை, பேசியே எழுதுகிறவள். “எங்க மருமவ சந்தியாவுக்குத் தலைமுடியெல்லாம் ஒரிஜினல்தான். தாடிதான் இருந்துச்சு. இருபத்தெட்டு தபா ஊசி குத்தி, நிரந்தரமா போயிடுச்சு. வலி ஒன்னும் இல்ல. எல்லாரும் வாங்க.” ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தி, குரூப்புக்கும் அனுப்பிவிட்டாள்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே படியில் பச்சையப்பனின் போன் அடித்தது.

“அலோ? ஆமா, நான்தான். பச்சையப்பன்தான் பேசறேன். யாரு? இன்னா? ஏன் அழுவறீங்க?” அந்தப் பக்கம் ஓர் அலறலோடு போன் துண்டித்துக்கொண்டது. உடனே அடுத்தது. “அலோ! நான்தான்! எப்ப எடுக்கறீங்கன்னா, எத எடுக்கறது?”

கிரண்குமார் குரூப்பைத் திறந்து பார்த்தான். முகம் வெளுத்தது. ரத்னம்மா சொன்னதைப் போன் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தது. ‘எங்க மருமவ சந்தியாவுக்குத் தலைமுடி எல்லாம் ஒரிஜினல்தான். டாடிதான் இருந்துச்சு. இருபத்தெட்டு தபா ஊசி குத்தி நிரந்தரமா போயிடுச்சு. வலி ஒன்னும் இல்ல. எல்லாரும் வாங்க.’ அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘இருபத்தெட்டு ஊசியா? எந்த ஆஸ்பத்திரி?’ ‘வலி இல்லாம போனாரே, புண்ணியவான்.’ ஒரு சித்தப்பா மட்டும், ‘அஞ்சு ஸ்டார் எதுக்கு?’ என்று கேட்டிருந்தார். கடைசியாக, மாப்பிள்ளையின் பெரியப்பா: ‘பெண்ணைப் பெத்தவர் போயிட்டாரு. ஒரு வருஷம் கல்யாணம் செய்யக்கூடாது. மண்டபத்தை நான் கேன்சல் பண்ணிடறேன்.’

“ஐயையோ, கேன்சலா!” ரத்னம்மா போனைக் கையில் எடுத்தாள். “தப்பா விழுந்துடுச்சுன்னு சொல்லிடறேன். டாடி இல்லன்னு.”

“டாடி இல்லன்னா வேற எது போச்சுன்னு கேப்பாங்களே,” என்றாள் சுமித்ரா.

திரையை விலக்கிக்கொண்டு பச்சையப்பன் உள்ளே வந்துவிட்டார். “சம்பந்தியம்மா, நான் செத்துட்டன்னு ஊரே சொல்லுது. இன்னா நடக்குது இங்க? இது டைலர் கடைதானே?” நாற்காலியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“நைனா,” என்றாள் சந்தியா. “எனக்குத் தாடி மொளைக்கும் நைனா. ரெண்டரை வருசமா இங்கதான் எடுத்துக்கினு கீறேன். அதைத்தான் டாடின்னு எழுதிடுச்சு.”

 இரண்டரை வருஷமாக மகள் ஜாக்கெட் தைத்துக்கொள்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் பச்சையப்பன். அவருக்கு ஒரு பக்கம் தன் சாவு, ஒரு பக்கம் மகளின் தாடி. எதற்கு முதலில் அதிர்வது என்று தெரியவில்லை. எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“திருத்த வேணாம். நான் போனவனாவே இருந்துட்டுப் போறேன். ஒரு வருசம்தானே? பிச்சாட்டூர்லயே கெடக்கறேன், வெளிய வரல. எம் பொண்ணு பேரு ஊர் வாயில விழ வேணாம்.”

கையில் போன் மறுபடியும் அடித்தது. அவர் எடுக்கவில்லை. செத்தவர் எடுக்கக் கூடாது என்று அப்போதே பழகத் தொடங்கிவிட்டார்.

சந்தியா ரத்னம்மாவிடமிருந்து போனை வாங்கினாள். பேசவில்லை, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ‘நான் சந்தியா. எங்க நைனா நல்லா இருக்காரு. அது டாடி இல்லை. தாடி. எனக்கு இருந்தது. இப்ப இல்லை.’

“அனுப்பாத!” என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில். மூன்றாவது குரல் கிரண்குமாருடையது.

அவள் அனுப்பிவிட்டாள்.

குரூப்பில் யாரோ எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதும் தெரிந்தது. இன்னொருவர் தொடங்கி நிறுத்தினார். கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. ரத்னம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழு நிமிஷம் கழித்து, பெங்களூரிலிருந்து எழிலரசன் எழுதினான்.

‘மாமா உசுரோட இருக்காரா? அப்ப பெரியப்பா, மண்டபத்தைக் கேன்சல் பண்ணாதீங்க. எங்க கம்பெனியில அந்த நாலு நாள்தான் லீவு குடுத்திருக்காங்க.’

“தாடியப் பத்தி ஒன்னுமே சொல்லலியே!” என்றாள் சந்தியா, அதிர்ந்துபோய்.

“அவனுக்கு லீவு கவல,” என்றாள் ரத்னம்மா. மூச்சு திரும்ப வந்திருந்தது. “எழுந்து வாங்க, சம்பந்தி. எதையாவது துன்னலாம்.”

மூவரும் படியில் இறங்கும்போது சுமித்ராவின் போன் முனகியது. குரூப்பில் எழிலரசனைத் தவிர ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதே நூற்றுப் பதினான்கு பேரில் சிலர், தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல், ரிவ்யூ லிங்கில் இருந்த நம்பரைப் பிடித்துச் சுமித்ராவுக்கு எழுதத் தொடங்கியிருந்தார்கள். எந்தச் சந்து, எத்தனை மணிக்குக் கூட்டம் இருக்காது, பேர் சொல்ல வேண்டுமா. அரை மணியில் ஒன்பது பேர். கிரண்குமார் எட்டிப் பார்த்து, “அத்தே! இதுதான் டிமாண்டு!” என்றான்.

ஒன்பதாவது செய்தியைச் சுமித்ரா இரண்டு தடவை படித்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா. காது மடலில் முளைப்பதை எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்.